தொகை பெறாப் பட்டியல்

சொற்செயலி எனப்படும் மென்பொருளில் வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறியைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு எழுதத் தொடங்கினால், அவ்வுடுக்குறி நொடிப்பொழுதில் கரும்புள்ளியாக உருமாறுகிறது. வரியும் சற்றே உள்வாங்கி நிற்கிறது. அடுத்த வரிக்கு நகர்ந்தால் மற்றொரு புள்ளி தானே தோன்றி எழுதுபவனுக்காகக் காத்திருக்கிறது. உடுக்குறிக்கு மாறாக ஒன்று என்னும் எண்ணையும் ஒரு முற்றுப்புள்ளியையும் இட்டால், இரண்டும் மூன்றும் நான்கும் அவ்வாறே தாமாக வந்து சேர்கின்றன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் அமரும் சிறுவனும், சிரம்பான் நகரத்து அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளரும், பட்டமளிப்புக்கு ஆய்வேடு சமைக்கும் மாணாக்கரும் ஒருபடித்தாகப் பயன்படுத்தும் வசதி இது.

இத்துணைச் சிறிய செயலில் அறம் பற்றிய வினாவுக்கு இடமுண்டோ எனக் கேட்கப்படலாம். உண்டு. பல பொருள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துகின்ற ஒருவன், அவற்றுக்கிடையே நிலவும் உறவைச் சொல்லாமல் விட்டுவிட உரிமையுடையவனா? எது எதனால் விளைந்தது, எது எதனினும் மேலானது, எவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்பனவற்றை அறிந்திருந்தும் மறைத்துவிட்டு, 'எல்லாவற்றையும்தான் குறிப்பிட்டிருக்கிறேனே' என அவன் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகுமா? வினா புதியதன்று. பொறி அதனை எளிதாக்கிவிட்டமையால் இன்று அது கூர்மை பெற்றிருக்கிறது.

தமிழில் புள்ளி என்னுஞ் சொல் பொருட்செறிவுடையது. எழுத்திலக்கணத்தில் அது மெய்யின் அடையாளம். அகரம் ஏறிய எழுத்தின் தலைமேல் அது அமர்ந்தவுடன் உயிர் நீங்கி மெய் மட்டும் எஞ்சுகிறது. பேச்சு வழக்கிலோ அது ஆளைக் குறிக்கும். ஊரில் செல்வாக்கு மிக்கவர் பெரும்புள்ளி ஆவார். கணக்கு வழக்கில் அது எண்ணிக்கையின் அலகு. புள்ளிவிவரம் என்னும் தொடர் அவ்வழி வந்தது. மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் மரபில், மணமான ஆண்மகன் மனைவியோடு சேர்த்து ஒரு புள்ளியாகக் கோயிற் கணக்கில் எழுதப்படுவான். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர்; பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்'தான். கணவனை இழந்தவள் அரைப்புள்ளியாவதும், கூடை நிறையாதவள் அரைப்பேராவதும் எழுதியவனுக்கு எளிய கணக்கு முறை மட்டுமே. எழுதப்பட்டவளுக்கு அது வேறு. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இவ்விருவர் இருக்கின்றனர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, இலக்கணம் இதுபற்றி யாது கூறுகிறது என நோக்குதல் தகும். தமிழ் ஆசிரியர் ஆண்டுதோறும் கற்பிக்கின்ற, ஆனால் தேர்வுக்கு அப்பால் எவரும் எண்ணிப் பாராத ஒரு விதி நன்னூல் இடையியலில் உள்ளது. பெயர்களை 'உம்' கொடுத்து எண்ணலாம்; 'என', 'என்று' முதலியவற்றைக் கொடுத்தும் எண்ணலாம்; எந்த இடைச்சொல்லும் இன்றி வெறுமனே அடுக்கியும் எண்ணலாம். கடைசியாகச் சொன்னது செவ்வெண் எனப்படும். உம்மையால் எண்ணும்போது தொகைச்சொல் வரலாம், வாராமலும் இருக்கலாம். செவ்வெண்ணுக்கோ அவ்வுரிமை இல்லை. அது தொகை பெற்றே தீரவேண்டும். 'சாத்தனும் கொற்றனும் வந்தனர்' என்றால் நிறைவுடைய தொடர். 'சாத்தன், கொற்றன்' என நிறுத்தியபின் 'இருவரும்' என்று கூட்டிச் சொன்னால்தான் தொடர் முடியும்.

இவ்விதி ஓசைக்காக அமைந்ததன்று. உம்மை என்பது பிணைப்பு. ஒவ்வொரு பெயரையும் அடுத்த பெயரோடு கைகோத்து நிற்கச் செய்வது. அப்பிணைப்பைக் கைவிடுபவன் இறுதியிலேனும் அனைத்தையும் தழுவி ஒரு சொல் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அதன் உட்கிடை. சொற்செயலி தரும் புள்ளிப் பட்டியலோ, இடைச்சொல்லையும் நீக்கியது, தொகைச்சொல்லையும் கேளாதது. இலக்கணப் பெயர் சூட்டுவதாயின் அதனைத் தொகை பெறாச் செவ்வெண் எனல் வேண்டும்.

பழந்தமிழ்ப் புலவர் பட்டியலுக்கு அஞ்சியவர் அல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை நிரலாக அடுக்குகிறார். தாவரவியல் கற்போர் இன்றும் அப்பகுதியை வியந்து ஆராய்கின்றனர். ஆயினும் அது வெறும் பெயரடைவாக நின்றுவிடவில்லை. தலைவியும் தோழியரும் அம்மலர்களைப் பறித்து, மழையாற் கழுவப்பட்ட அகன்ற பாறையிலே குவித்தனர் என அவ்வடுக்கு முடிகிறது. குவித்தல் என்னும் அவ்வொரு வினையே அத்தனை பெயர்களுக்கும் தொகையாகிவிடுகிறது. திரிகடுகத்தை எடுத்துக்கொண்டால், நல்லாதனார் பாட்டுக்கு மூன்று பொருள் வீதம் சொல்லிச் செல்கிறார். சொன்ன மூன்றையும் ஒரு முடிபில் கொண்டுவந்து கட்டாமல் பாட்டை விடுவதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி தனித்தனியே காரமுடையவை. மூன்றும் கூடினாலே மருந்து என்பது அந்நூற்பெயரின் கருத்து. ஆத்திசூடி வேறொரு வகை. அங்கே முறைவைப்பு அகரவரிசை. முதலில் நிற்பது மேலானது, ஈற்றில் நிற்பது தாழ்ந்தது என எந்தச் சிறுவனும் எண்ணுவதில்லை. ஏனெனில் அவ்வரிசை எவருடைய விருப்பு வெறுப்பாலும் அமைந்ததன்று என்பது வெளிப்படை.

அகரவரிசை என்றமையால் ஒன்று கூறிச் செல்லலாம். பெயர்களை வரிசைப்படுத்தும் பொத்தானும் மென்பொருள்களில் உண்டு. ஒருங்குறியில் தமிழெழுத்துகளுக்கு வழங்கப்பட்ட குறியெண் வரிசை நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. தமிழ் மரபை அறிவுறுத்தப்பெறாத மென்பொருள் குறியெண்ணையே நம்பிப் பெயர்களை அடுக்கிவிடும். 1985 ஆம் ஆண்டில் முரசு மென்பொருளைத் தொடங்கிய மலேசியரான முத்து நெடுமாறன் போன்றோர் கணினிக்குத் தமிழ் கற்பிக்க எத்துணைப் பாடுபட்டனர் என்பதை மாணாக்கர் இவ்விடத்தில் நினைவு கூர்தல் நன்று. எந்த வரிசையும் இயற்கையாக வானிலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் அதனை வகுத்திருக்கிறார்.

நெகிரி செம்பிலான் என்னும் மாநிலப் பெயரே ஒரு தொகைச்சொல். ஒன்பது நாடுகள் என்பது அதன் பொருள். மினாங்கபாவ் மக்கள் குடியேறிய சிறு நாடுகள் ஒன்று கூடி 1773 ஆம் ஆண்டில் ராஜா மெலேவாரைத் தலைவராக ஏற்றன. அவ்வொன்பது எவை என்று வரலாற்று நூல்கள் தரும் பட்டியல்கள் தம்முள் முற்றும் ஒத்துப்போவதில்லை. ஆயினும் தொகை நிலைத்தது, கூட்டமைப்பும் நிலைத்தது. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் ஊண்டாங்குகள் இன்றும் கூடியே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர். உறுப்புகள் ஐயத்திற்கு இடமானபோதும் பிணைப்பு உறுதியாக இருந்தால் ஒரு நாடே நிற்கும் என்பதற்கு இது சான்று.

அம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர் வாழ்வு, பிறர் எழுதிய பட்டியல்களுக்குள்ளேயே நடந்தது. கப்பலில் ஏறும்போது ஒரு பட்டியல். துறைமுகத்தில் நோய்த்தடுப்பு முகாமில் ஒரு பட்டியல். தோட்டத்தில் கிராணியின் கையில் செக்ரோல். பொழுது புலராமுன் பெரட்டுக்களத்தில் விளக்கு வெளிச்சத்தில் பெயர் படிக்கப்படும். குரல் கொடுத்தவருக்கு நிரை ஒதுக்கப்படும். கொடாதவருக்கு அன்று கூலி இல்லை. ஆடவர், பெண்டிர், சிறுவர் என அதனுள்ளும் படிநிலை உண்டு. 1920களின் பிற்பகுதியில் மலாயாவில் வகுக்கப்பட்ட திட்டக் கூலியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு எனின் பெண்ணுக்கு 40 காசு. ஒரே மலைச்சரிவில், ஒரே பால்வாளி தூக்கி, ஒரே அட்டைக்கடி பட்ட இருவரிடையே பத்துக் காசு வேறுபாட்டைப் பட்டியலின் ஒரு கோடு ஏற்படுத்தியது. ஏன் என்னும் வினாவுக்கு அக்கோட்டில் விடையில்லை. பட்டியல் காரணம் கூறுவதில்லை. அதுவே அதன் வலிமை.

செக்ரோலுக்கும் தொகை உண்டு என்பதை மறுத்தல் இயலாது. மாத இறுதியில் நாள்களும் கூலியும் கூட்டப்பட்டன. ஆனால் அது உழைப்பின் தொகை, ஆள்களின் தொகை அன்று. இன்னார் மகள், இன்னாருக்கு மூத்தவள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு வந்தவள் என்பன அதனுள் ஏறா. ஏற வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. கூலிக்கணக்கு கூலிக்கணக்காகவே இருத்தல் வேண்டும். கேடு விளைந்தது எப்போதெனின், அவ்வொரு பட்டியலே அம்மக்களைப் பற்றிய முழு அறிவாகக் கருதப்பட்டபோதுதான்.

இதற்கு நேர்மாறான கொடுமையும் நேர்ந்தது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். மலாயாவிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. வாந்திபேதியாலும் பட்டினியாலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அங்கே அடங்கியுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் அகவையும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வகைப் பட்டியல் எழுதப்படவில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது தோராயமான தொகை மட்டுமே. ஆகவே பட்டியலை வெறுத்தொதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் செக்ரோலால் சிறுமைப்பட்ட அதே தொழிலாளி, மரணப் பாதையில் ஒரு செக்ரோல் இன்மையால் முற்றும் அழிந்தான். பெயர் எழுதப்படுதல் சிறையாகவும் இருக்கும், இறுதிப் புகலிடமாகவும் இருக்கும். நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறாமையால் சிவப்பு அடையாள அட்டை பெற்றோர், 1968 ஆம் ஆண்டு வேலை வரையறைச் சட்டத்திற்குப் பின் வேலை உரிமத்துக்காக அலைந்த வரலாற்றைத் தோட்டத்து முதியோர் இன்றும் மறக்கவில்லை.

மீண்டும் சொற்செயலிக்கு வருவோமாயின், புள்ளியும் எண்ணும் ஒன்றற்கொன்று மாற்று என மாணாக்கர் பலர் எண்ணியிருப்பது தெரியும். அழகு கருதி ஒன்றைத் தேர்கின்றனர். அவை மாற்று அல்ல. எண் முறையை அறிவிப்பது. முதலது முடிந்த பின்னரே இரண்டாவது என்பது அதன் ஆணை. புள்ளி முறையின்மையை அறிவிப்பது. எதனை முதலில் படிப்பினும் பொருள் மாறாது என்பது அதன் உறுதிமொழி. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்டிருக்கான அறிவிப்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கையுறை அணிதல், முகமூடி அணிதல், மருந்தைக் கலத்தல், காற்றின் திசையறிந்து தெளித்தல், உண்ணுமுன் கைகழுவுதல் என்பன செய்முறை; இவற்றுக்கு எண்ணே உரியது. புள்ளியிட்டு, கலத்தலை முதலிலும் கையுறையை மூன்றாவதாகவும் நிறுத்தியவன் எழுத்துப்பிழை எதுவும் செய்தவனல்லன். ஆயினும் அதனைப் படித்தவளின் கை புண்ணாயிருக்கும். மலேசியாவில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2002 இல் தடைசெய்யப்பட்டு, 2006 இல் அத்தடை நீக்கப்பட்டு, 2020 சனவரி முதல் நாளிலிருந்து மீண்டும் தடைசெய்யப்பட்டது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சைத் தோளில் சுமந்து நடந்தவர்க்கு அறிவிப்புப் பலகையின் அமைப்பு அழகியல் சிக்கலாக இருந்திருக்க முடியாது.

தாவல் விசை இன்னும் நுட்பமானது. அதனைத் தட்டினால் புள்ளி உட்புறம் நகர்ந்து வெற்று வட்டமாகிறது. மீண்டும் தட்டினால் சிறு சதுரமாகிறது. எழுத்தும் பல வார்ப்புருக்களில் சிறுத்துவிடுகிறது. ஒரு செய்தியைப் பொய் கூறாமலே தாழ்த்திவிடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. 2003 சனவரி 16 ஆம் நாள் அமெரிக்கா செலுத்திய கொலம்பியா விண்ணோடத்தின் வரலாறு இதனைக் காட்டும். மேலெழுந்து ஒன்றரை நிமிடம் ஆகுமுன் எரிபொருட்கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடச்சிறகை மோதியது. விண்ணோடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர் அவ்வபாயத்தை ஆராய்ந்து, திரையில் காட்டும் ஏடுகளாக மேலாளருக்கு அளித்தனர். அவற்றுள் ஓர் ஏட்டின் தலைப்பு அமைதி தருவதாக இருந்தது. புள்ளிக்குள் புள்ளியாகப் பல படிகள் இறங்கிய பின், ஏட்டின் அடிவரியில், மோதிய துண்டின் பருமன் 1,920 கன அங்குலம் என்றும், சோதனையில் பயன்பட்ட துண்டின் பருமன் 3 கன அங்குலமே என்றும் எழுதப்பட்டிருந்தது. 640 மடங்கு வேறுபாடு! சோதனை முடிவு எதனையும் நம்புவதற்கில்லை என்பதே அதன் பொருள். அப்பொருள் அவ்வேட்டில் வெளிப்படையாக எடுத்துரைக்கப்படவில்லை.  பிப்ரவரி முதல் நாள் விண்ணோடம் சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இவ்வேட்டை எடுத்துக்காட்டி, உயிருக்கு ஊறு நேரும் நிலை என்பதை ஒரு மேலாளர் இதிலிருந்து உணராமற் போவது எளிதே என்று குறித்தது. புள்ளிகள் எழுவரைக் கொன்றன என்று கூறுவது மிகை. எழுதியவர் எதையும் மறைக்கவில்லை என்பதும், படித்தவர் எதையும் அறியவில்லை என்பதும் ஒருங்கே உண்மையாக இருந்தன என்பதுதான் அச்சந்தருவது.

அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நீலாய், லாபு, செண்டாயான், சிரம்பான் வட்டாரங்களில் 1990களுக்குப் பின் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின. அவ்வாறு விற்கப்படவிருக்கும் ஒரு தோட்டத்தில், படித்த இளைஞர் சிலர் கூடி நிருவாகத்துக்குக் கோரிக்கை மனு வரைகின்றனர் எனக் கொள்க. சொற்செயலியைத் திறக்கின்றனர். ஐந்து புள்ளிகள் தோன்றுகின்றன. லயத்து வீட்டுக்கு ஈடாகத் தரைவீடு, பணிநீக்க இழப்பீடு, தமிழ்ப்பள்ளிக்கு நிலம், மாரியம்மன் கோயிலுக்கு இடம், இடுகாட்டைப் பேணுதல் என்பன அவை. பார்வைக்குத் தூய்மையான மனு. நீளமும் இல்லை, அலுவலர் ஒரு நோக்கில் படித்துவிடலாம்.

நுணுகி நோக்கின், ஒரே உருவமுடைய இவ்வைந்து வரிகளும் ஒரே இனத்தவை அல்ல. இழப்பீடு வேண்டுகோளே அன்று, அது உரிமை. 1980 ஆம் ஆண்டு வேலை நீக்கப் பயன்கள் ஒழுங்குவிதிகளின்படி, ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் பணிபுரிந்தவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும். வீடு, வழிவழியாக உழைத்தவர் அறத்தின் பெயரால் முன்வைக்கும் கோரிக்கை. இடுகாடு, வாழ்வோருக்காகக் கேட்பதன்று. இம்மூன்றையும் ஒத்த புள்ளிகளின்கீழ் நிறுத்தியவுடன், சட்டம் விதித்த கடமையும் நிருவாகம் காட்டக்கூடிய கருணையும் ஒரே நிறத்தனவாகிவிடுகின்றன. 'ஐந்தனுள் ஒன்றை முழுமையாக நிறைவேற்றினோம். மற்றவற்றைப் பரிசீலிக்கிறோம்' என நிருவாகம் விடை எழுதலாம். நிறைவேறிய ஒன்று இழப்பீடாக இருக்கும். கொடுத்தே ஆகவேண்டியதைக் கொடுத்துவிட்டு ஈகைப் பெயர் பெறும் வாய்ப்பை அம்மனுவே ஆக்கித் தந்துவிட்டது.

உறவு மறைந்தமையால் வரும் இழப்பு இதனினும் பெரிது. வீடு பத்துக் கல் தொலைவில் அமையுமாயின், பள்ளிக்கு நிலம் கிடைத்தும் பிள்ளைகள் வாரார். தோட்டம் கலைந்த பின் மாணவர் எண்ணிக்கை குறைந்து தள்ளாடும் பள்ளிகள் இம்மாநிலத்திற்குப் புதியன அல்ல. கோயில் நிற்கும், திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் இராது. முதற் கோரிக்கையும் மூன்றாம் கோரிக்கையும் நான்காம் கோரிக்கையும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுத்தால் தந்ததும் தராததே ஆகும். இதனை அறியாதவர் அத்தோட்டத்தில் எவரும் இல்லை. அறிந்திருந்தும் அவர்தம் மனு அதனைச் சொல்லவில்லை. ஏனெனில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 'ஆதலால்' என்னும் சொல்லை எழுத இடமில்லை.

அலுவலர் நீண்ட பத்திகளைப் படியார் என்னும் மறுப்பு எழும். அம்மறுப்பு நேர்மையானது. பகலெல்லாம் உழைத்து வந்த தொழிலாளிக்கும், நாளொன்றுக்கு நூறு கடிதம் காணும் எழுத்தருக்கும் பட்டியல் ஓர் உதவியே. மேலும், அடுக்குமொழியும் அணிநயமும் பெய்து, கேட்டது யாதென்றே புலப்படாமல் எழுதப்பட்ட பழைய மனுக்களைக் கண்டவர், புள்ளிக்கு நன்றி கூறவே செய்வர். தமிழ் மேடையின் நோய் அதுவாகவே இருந்தது எனலாம். ஆனால் பட்டியலைக் கைவிடுமாறு ஈண்டு யாரும் கேட்கவில்லை. சட்டம் வரைவோர் எவ்வாறு எழுதுகின்றனர் எனக் காண்க. உட்பிரிவுகளை அவர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே அடுக்குகின்றனர். ஆயினும் ஈற்றயற் பிரிவின் முடிவில் 'உம்' பொருள்படவோ 'அல்லது' என்றோ ஒரு சொல்லை இடாமல் விடுவதில்லை. அவ்வொரு சொல்லால் வழக்குகள் வெல்லவும் தோற்கவும் படுகின்றன. நன்னூலார் கேட்ட தொகையை நீதிமன்றமும் வேறொரு வடிவில் கேட்கிறது.

அத்தோட்டத்து மனுவில் ஐந்து வரிகளுக்கு முன்னே ஒரு தொடரும் பின்னே ஒரு தொடரும் போதும். இரண்டாவதாகக் குறித்தது சட்டத்தின்படி உரியது, கோரிக்கையன்று என முன்னதும், வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே நிலத்தில் அமைந்தாலொழிய இம்மூன்றும் பயன்படா எனப் பின்னதும் கூறும். அவற்றை எழுத இளைஞர் தமக்குள் வாதிட வேண்டியிருக்கும். கோயிலைவிடப் பள்ளி முதன்மையானதா, இடமாற்றத்துக்கு இசைந்தால் இடுகாட்டைக் கைவிடுவதா என்பன எளிதில் தீர்வன அல்ல. சில வீடுகளில் பேச்சு முறியவும் கூடும். புள்ளிப் பட்டியலில் அவ்வாதம் எழாது. ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஒரு புள்ளி கொடுத்து அனைவரையும் நிறைவு செய்துவிடலாம். ஒற்றுமை போலத் தோன்றும் அந்நிறைவை எதிர்த்தரப்பு முதற்கூட்டத்திலேயே கண்டுகொள்ளும்.

வகுப்பறைக்கு இதனால் ஆவதென்ன? 'தோட்டங்களை விட்டுத் தமிழர் வெளியேறியமைக்கான காரணங்கள்' என்னும் தலைப்பு நெகிரி செம்பிலான் பள்ளிகளுக்கு அயலானதன்று. மாணாக்கர் தரும் குறிப்புகளும் பெரும்பாலும் ஒன்றே: குறைந்த கூலி, பிள்ளைகளின் கல்வி, ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை நடப்பட்டமை, அயல்நாட்டுத் தொழிலாளர் வருகை, நில மேம்பாடு. கரும்பலகையில் இவை ஐந்து புள்ளிகளாக நிற்கின்றன. இவற்றைச் சொற்செயலியில் தட்டச்சு செய்த பின், வரிகள் அனைத்தையும் தெரிவுசெய்து புள்ளிப் பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்துமாறு ஆசிரியர் பணிக்கலாம். புள்ளிகள் மறைந்துவிடும். எஞ்சிய ஐந்து துண்டுகளையும் 'ஆதலால்', 'ஆயினும்', 'அதற்கு முன்னரே', 'இதனாலன்று' போன்ற சொற்களைக் கொண்டு ஒரே பத்தியாக இணைக்க வேண்டும் என்பதே பயிற்சி. முதல் இரண்டும் எளிதில் இணையும். மூன்றிலும் நான்கிலும் தடை நேரும். தமிழர் வெளியேறியதால் அயல்நாட்டார் வந்தனரா, அயல்நாட்டார் குறைந்த கூலிக்கு வந்ததால் தமிழர் வெளியேறினரா? இரண்டும் உண்மையாயின் எந்தத் தோட்டத்தில் எது முந்தியது? லயத்தில் இன்று குடியிருக்கும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் இக்கேள்விக்கு என்ன விடை கூறுவர்? பாட்டனார் ஒன்று சொல்வார், பாடநூல் வேறு சொல்லும். புள்ளியிட்டு எழுதியபோது முப்பது மாணாக்கரின் ஏடுகளும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். இப்போது இரண்டு ஏடுகள் ஒத்திருப்பது அரிது. திருத்துவதற்கு ஆசிரியருக்குக் கூடுதலாக ஒரு மாலைப்பொழுது செலவாகும்.